பால்வாடிச் சாப்பாடு: வாசகர் கேள்விகளும் என் பதில்களும்

செப்டம்பர் வந்தால் நாடு முழுக்க ஊட்டச்சத்து மாதம். நம் மாநிலத்தில் இருக்கும் 54,439 அங்கன்வாடி மையங்களிலும் கோலம், கண்காட்சி, உறுதிமொழி என்று களைகட்டும். அதனாலோ என்னவோ, இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அங்கன்வாடி உணவைப் பற்றியே இருக்கின்றன. எனக்கு அதில் மிகவும் சந்தோஷம். அரசு செய்யும் வேலைகளில் மனசார கொண்டாட வேண்டியது எது என்று கேட்டால், வாரத்தின் ஒவ்வொரு வேலை நாளும் சின்னக் குழந்தைகளுக்காக அடுப்பு மூட்டும் இந்தத் திட்டத்தைத்தான் சொல்வேன்.

எங்களுக்கு ஓரளவு வசதி உண்டு. என் குழந்தைக்கு ஒன்பது மாதம். பால்வாடியில் சத்துமாவு வாங்கலாம் என்று தோழி சொல்கிறாள். "அது இல்லாதவங்களுக்குக் கொடுக்கிறது, நாம வாங்கினா நாலு பேர் என்ன நினைப்பாங்க" என்று மாமியார் தடுக்கிறார். வாங்கலாமா? - ஓமலூர் வாசகி

தாராளமாக வாங்கலாம். இந்த உணவுக்கு ரேஷன் கார்டின் நிறமோ வருமான வரம்போ கிடையாது. ஆறு வயதுக்கு உட்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் அங்கன்வாடிச் சேவை கிடைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006 டிசம்பரில் தீர்ப்பளித்தது. 2013-ல் வந்த தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் அதைச் சட்டபூர்வமான உரிமையாகவே ஆக்கிவிட்டது. ஆறு மாதத்திலிருந்து மூன்று வயது வரை நாளொன்றுக்கு 500 கிலோ கலோரி, 12 முதல் 15 கிராம் புரதம். மூன்றிலிருந்து ஆறு வயது வரை சூடாகச் சமைத்த உணவு, அதே அளவு. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் 600 கிலோ கலோரி, 18 முதல் 20 கிராம் புரதம்.

உங்கள் மாமியாரிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். வசதியான வீட்டுக் குழந்தைக்குச் சத்துக் குறைவு வராது என்று எந்த மருத்துவரும் சொல்ல மாட்டார். பிஸ்கட்டும் பாலுமே சாப்பாடு என்று வளரும் பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வசதியுள்ள தாய்மார்களும் மையத்துக்குப் போய் வரத் தொடங்கினால், அங்கே கொடுப்பது தரமாக இருக்கிறதா என்று கேட்பதற்கு ஊரில் இன்னும் நாலு வாய் கிடைக்கும். அது எல்லாப் பிள்ளைகளுக்கும் நல்லது.

ஏழு மாதக் குழந்தைக்குச் சத்துமாவைக் கஞ்சியாகக் காய்ச்சிக் கொடுத்தால் துப்புகிறான். சர்க்கரை சேர்க்கலாமா? வீட்டில் பெரியவர்களும் அதையே கூழாகக் காய்ச்சிக் குடித்துவிடுகிறார்கள். - மணப்பாறை வாசகி

இரண்டாவதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தப் பாக்கெட் குழந்தையின் பங்கு. ஆறு பேர் இருக்கும் வீட்டில் எல்லோரும் கை வைத்தால் பையனுக்கு மிஞ்சுவது இரண்டு ஸ்பூன்தான். சில வீடுகளில் மாட்டுக்குக் கலந்து வைப்பதையும் கேள்விப்படுகிறேன், அது மனதை அறுக்கிறது. அந்த மாவில் கோதுமை, கேழ்வரகு, கடலைப்பருப்பு, வெல்லம் எல்லாம் சேர்ந்திருக்கின்றன. அதோடு வைட்டமின்களும் தாதுக்களும் கலந்திருக்கின்றன. பிள்ளைக்கென்று தனி டப்பாவில் கொட்டி வைத்துவிடுங்கள். பெரியவர்களுக்குக் கேழ்வரகுக் கூழ் தனியாகக் காய்ச்சிக்கொள்ளலாம்.

சர்க்கரை வேண்டாம். ஏற்கெனவே வெல்லம் இருக்கிறது. அதற்குமேல் இனிப்புச் சேர்த்துப் பழக்கினால் நாளைக்குப் பருப்பு சாதத்தைத் தொட மாட்டான். ஒரு வயது முடியும்வரை தேனும் கூடாது.

துப்புவதற்குக் காரணம் பெரும்பாலும் பதம்தான். குழந்தைதானே என்று தண்ணீராகக் காய்ச்சி விடுகிறோம். ஏழு மாதக் குழந்தையின் வயிறு மிகச் சின்னது. அதைத் தண்ணீரால் நிரப்பிவிட்டால் சத்துக்கு இடமில்லை. ஸ்பூனைச் சாய்த்தால் உடனே வழியாமல் மெதுவாக இறங்குகிற பதத்துக்குக் கிளறுங்கள். மாவு வறுத்து அரைத்ததுதான், ஆனாலும் கட்டியில்லாமல் கரைத்து நன்றாக வேகவையுங்கள். இறக்கும்போது அரை ஸ்பூன் நெய்யோ எண்ணெயோ விடுங்கள். ஒருநாள் மசித்த வாழைப்பழம், ஒருநாள் மசித்த பரங்கிக்காய் என்று சேர்த்தால் ருசியும் மாறும். இந்த வயதில் நாளைக்கு இரண்டு, மூன்று வேளை போதும், நடுவில் தாய்ப்பால். ஒன்பது மாதத்துக்கு மேல் மூன்று, நான்கு வேளையாக்கிக்கொள்ளலாம். பாட்டிலில் ஊற்றிக் கொடுக்கவே கூடாது.

முதலில் துப்பினால் பிடிக்கவில்லை என்று அர்த்தமில்லை. நாக்கால் வெளியே தள்ளுவது அந்த வயதுக்கு இயல்பு. நாலு நாள் விட்டு அதையே மறுபடி கொடுங்கள். புதிய உணவை ஏற்றுக்கொள்ள பத்து முறைகூட ஆகலாம்.

பால்வாடி அரிசியில் பிளாஸ்டிக் அரிசி கலந்து வருகிறது. தண்ணீரில் போட்டால் மிதக்கிறது. வீடியோகூட வந்தது. பிள்ளையை அனுப்பவே பயமாக இருக்கிறது. - திருவள்ளூர் வாசகர்

பயப்பட வேண்டாம், அது பிளாஸ்டிக் இல்லை. செறிவூட்டப்பட்ட அரிசி. அரிசி மாவில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 மூன்றையும் கலந்து பிசைந்து, இயந்திரத்தில் விட்டு மறுபடி அரிசி வடிவத்துக்குக் கொண்டுவருகிறார்கள். 100 கிலோ சாதாரண அரிசிக்கு 1 கிலோ வீதம் இந்த மணிகளைக் கலக்கிறார்கள். நிறம் கொஞ்சம் வேறாக இருக்கும், சில மணிகள் மிதக்கவும் செய்யும். வேகவைத்து நசுக்கிப் பாருங்கள், சோறாகத்தான் மசியும்.

மிதக்கிறதே என்று பொறுக்கி எறிந்தால், எதற்காக அரசு செலவு செய்து கலந்ததோ அதையே குப்பையில் போடுகிறோம். ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி (2019-21) தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் 50.7 சதவீதம்தான். அதாவது கூடியிருக்கிறது. வளர்ச்சி குன்றிய குழந்தைகளும் எடை குறைந்த குழந்தைகளும் குறைந்துகொண்டே வரும் இதே மாநிலத்தில் ரத்தம் மட்டும் குறைந்துகொண்டிருக்கிறது. அந்த அரிசியை லேசாகக் கழுவிப் பொங்கவிட்டால் போதும். பலமுறை அலசுவதும் கஞ்சியை வடித்துக் கொட்டுவதும் சத்தைக் குறைக்கும். தலசீமியா போன்ற ரத்த நோய் உள்ள குழந்தையாக இருந்தால் மட்டும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்று வயது மகளுக்கு மையத்தில் என்னென்ன கொடுக்கிறார்கள்? நாங்கள் வீட்டில் முட்டை சேர்ப்பதில்லை. - கும்பகோணம் வாசகி

திங்கள் தக்காளி சாதமும் வேகவைத்த முட்டையும். செவ்வாய் கலவை சாதத்தோடு பச்சைப்பயறு அல்லது கொண்டைக்கடலை. புதன் காய்கறி புலாவ், முட்டை. வியாழன் எலுமிச்சை சாதம், முட்டை. வெள்ளி பருப்பு சாதத்தோடு உருளைக்கிழங்கு. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் கொடுப்பார்கள். சேர்த்துக்கொள்ளும்போதே டீச்சரிடம் சொல்லிவிடுங்கள்.

ஆனால் சத்துக் கணக்கில் வாழைப்பழம் முட்டைக்கு ஈடாகாது. ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் புரதம் இருக்கிறது, பி12 இருக்கிறது. பி12 செடி கொடிகளில் கிடைக்காத சத்து. வீட்டில் முட்டை சேர்க்காதது உங்கள் வழக்கம், அதை மதிக்கிறேன். அப்படியானால் தயிரும் பாலும் தினமும் வேண்டும், ஒரு வேளையாவது கெட்டிப் பருப்பு வேண்டும். வழக்கம் ஒன்றும் இல்லை, பிள்ளைதான் சாப்பிட மறுக்கிறாள் என்றால் கவலையை விடுங்கள். பக்கத்தில் பத்துப் பிள்ளைகள் உரித்துச் சாப்பிடுவதைப் பார்த்தால் அவளும் கேட்டு வாங்குவாள்.

1989-ல் இந்த முட்டை தொடங்கியபோது இரண்டு வாரத்துக்கு ஒன்றுதான். 1998-ல் வாரம் ஒன்றானது. இன்றைக்கு அங்கன்வாடிக் குழந்தைக்கு வாரத்தில் மூன்று. நடுவில் ஆட்சிகள் எத்தனையோ முறை மாறின. முட்டை கூடியதே தவிர குறையவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

சமைக்கும் தோழியருக்கு ஒரு குறிப்பு: வியாழக்கிழமை எலுமிச்சையைச் சட்டியை இறக்கிய பிறகு பிழியுங்கள். அடுப்பில் கொதித்தால் வைட்டமின் சி போய்விடும். அரிசியிலும் பருப்பிலும் உள்ள இரும்பை உடம்பு பிடித்துக்கொள்ள அந்த சி தேவை.

டீச்சர் என் பையனின் கையில் டேப் சுற்றி அளந்துவிட்டு, சிவப்பில் இருக்கிறது, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாருங்கள் என்கிறார். வயது ஒன்றரை. நன்றாகத்தான் விளையாடுகிறான். போக வேண்டுமா? - பாலக்கோடு வாசகி

போக வேண்டும் அம்மா, நாளைக்கே போங்கள். ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரையிலான குழந்தைக்கு இடது மேல்கையின் நடுச்சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் அது கடுமையான மெலிவு, டேப்பில் சிவப்பு என்பது அதுதான். 11.5-க்கும் 12.5-க்கும் இடையில் மிதமானது. இப்படி மெலிந்த பிள்ளை விளையாடிக்கொண்டே இருப்பான். ஆனால் ஒரு வயிற்றுப்போக்கோ நிமோனியாவோ வந்தால் தாங்குவதற்கு உடம்பில் இருப்பு இருக்காது. காய்ச்சல், சாப்பிட மறுப்பது, இரண்டு பாதங்களிலும் வீக்கம், இவற்றில் ஒன்று இருந்தாலும் இன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

உங்களைக் குறை சொல்வதற்காக டீச்சர் அளக்கவில்லை. 2022 மே 21 அன்று உதகமண்டலத்தில் தொடங்கிய 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டத்தில், ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை இப்படி ஒவ்வொருவராக அளந்துதான் கண்டுபிடித்தார்கள். மெலிந்த குழந்தைக்கு மருத்துவப் பரிசோதனையும் சிறப்பு உணவும் கிடைக்கும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை கடுமையாக மெலிந்திருந்தால் தாய்க்கே ஊட்டச்சத்துப் பெட்டகம் கொடுக்கிறார்கள், தாய் தேறினால்தான் பால் ஊறும் என்பதால். 2024 நவம்பரில் இரண்டாம் கட்டம் அரியலூர் மாவட்டத்தில் தொடங்கியது.

சட்டப்படி, சத்துக் குறைந்த குழந்தைக்கு நாளொன்றுக்கு 800 கிலோ கலோரி, 20 முதல் 25 கிராம் புரதம் தர வேண்டும். கூடுதல் பங்கைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு மாதமும் எடை போட்டு வளர்ச்சி அட்டையில் குறித்து வையுங்கள். கோடு மேலே ஏறுகிறதா என்பதுதான் முக்கியம்.

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். சத்துணவுத் திட்டத்தை எம்.ஜி.ஆர். தொடங்கினாரா, காமராஜரா? அங்கன்வாடி இதில் எங்கே வருகிறது? - சிவகாசி வாசகர்

பல கைகள் சேர்ந்து கட்டியது இது. 1920-ல் நீதிக்கட்சிக் காலத்தில், பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் மதிய உணவு போட்டது. 1956-ல் காமராஜர் அதை மாநிலத்துப் பள்ளிகளுக்குக் கொண்டுபோனார். 1975 அக்டோபர் 2-ல் மத்திய அரசின் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் நாட்டில் 33 வட்டாரங்களில் தொடங்கியது. அங்கன்வாடி அதன் பிள்ளை. 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில்தான் பள்ளிக்குப் போகாத இரண்டு வயதுப் பிள்ளைக்கும் தட்டு வந்தது. முதலில் கிராமங்களில், அதே ஆண்டு செப்டம்பர் 15 முதல் நகரங்களிலும்.

புத்தகங்களில் அதிகம் பேசப்படாத ஒன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். 1980-ல் உலக வங்கி உதவியோடு மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி வட்டாரத்தில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் ஆரம்பமானது. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை மாதாமாதம் எடை போட்டு, எடை ஏறாமல் நின்ற குழந்தைக்கு உடனே கூடுதல் உணவு கொடுத்தார்கள். அந்த ஊர்ப் பெண்களே வேலைக்கு வந்தார்கள். கிராமத்து மரத்தில் தொங்கிய தராசில் குழந்தையை உட்கார வைத்து அளந்த அந்தப் பெண்களுக்கு எந்தச் சிலையும் இல்லை, என் நன்றி உண்டு.

மருமகள் பிரசவத்துக்குத் தாய் வீடு போகிறாள். சத்துமாவு இங்கேதான் பதிவு. அங்கே தருவார்களா? - ராசிபுரம் வாசகி

தருவார்கள். கிளம்பும் முன் உங்கள் மைய டீச்சரிடம் சொல்லி, போஷண் டிராக்கர் செயலியில் பதிவை அந்த ஊர் மையத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். தாய் சேய் நல அட்டையும் ஆதாரும் கையில் இருக்கட்டும்.

நான் அங்கன்வாடி உதவியாளர். ஊட்டச்சத்து மாதத்துக்குத் தானியத்தில் கோலம் போடுகிறோம், படம் எடுத்து அனுப்புகிறோம். தாய்மார்கள் எட்டிப்பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். வேறு என்ன செய்யலாம்? - விளாத்திகுளம் வாசகி

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கோலம் இருக்கட்டும், ஆனால் அன்றைக்கு வருகிறவர்களை உட்கார வைத்துச் சாப்பிடச் சொல்லுங்கள். பிள்ளைகள் சாப்பிடும் அதே புலாவை, அதே சத்துமாவு உருண்டையை அவர்களும் ருசிக்கட்டும். "இவ்வளவு நல்லா இருக்கே" என்று ஒரு பாட்டி சொல்லிவிட்டால் அதற்குமேல் விளம்பரம் வேண்டாம். பாட்டிகளை அவசியம் கூப்பிடுங்கள், வீட்டில் குழந்தைக்கு ஊட்டுவது பெரும்பாலும் அவர்கள்தான். அப்பாக்களும் வருகிற மாதிரி ஒரு நாளாவது மாலையில் வையுங்கள்.

சமுதாய வளைகாப்பு நடக்கும்போது, வளையல் போட்டுக் கலவை சாதம் கொடுத்ததோடு நிறுத்தாமல், ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் ஒரு முருங்கைக் குச்சி கொடுத்தனுப்புங்கள். உங்கள் பகுதி மண்ணில் அது நன்றாகவே பிடிக்கும். ஆறு மாதம் நிறைந்த குழந்தைகளை ஒரே நாளில் வரவழைத்து முதல் சோறு ஊட்டுங்கள். பதம் எப்படி இருக்க வேண்டும் என்று பேசி விளக்குவதைவிட, அங்கேயே கிளறிக் காட்டுவது மனதில் நிற்கும்.

சில நாள் முட்டை வரவில்லை என்கிறார்கள். ஒருமுறை கெட்ட முட்டை. யாரிடம் சொல்வது? - வாசகர், ஊர் வேண்டாம் என்கிறார்

முதலில் மையப் பணியாளரிடம் கேளுங்கள், வரவில்லை என்றால் அவரும் காத்திருக்கிறவர்தான். அடுத்து வட்டாரத்தில் உள்ள குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள். அங்கும் பதில் இல்லை என்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்ப்புக் கூட்டத்தில் மனு. தேதி, மையத்தின் பெயர், வராத பொருள் மூன்றும் மனுவில் இருக்க வேண்டும். உரிமையான உணவு கிடைக்காவிட்டால் 'உணவுப் பாதுகாப்புப் படி' என்ற ஈட்டுத்தொகையைக் கேட்க 2013 சட்டத்தில் இடமிருக்கிறது, அதையும் ஒரு வரி சேருங்கள். கெட்ட முட்டையைப் பிள்ளை தட்டில் பார்த்தால் எல்லாத் தட்டுகளையும் அப்போதே நிறுத்தச் சொல்லுங்கள். சந்தேகமான முட்டையைப் பிள்ளை தட்டில் வைக்கும் முன், தனிக் கிண்ணத்தில் உடைத்துப் பார்க்கும்படி உதவியாளரிடம் கேட்டுக்கொள்ளலாம்.