பைன் காட்டுப் பூசணம் சவுக்குத் தோப்புக்கு உதவுமா?

கேள்வி: வேதாரண்யம் வட்டத்தில் எங்களுக்கு மூன்று ஏக்கர் மணற்பாங்கான நிலம் இருக்கிறது. கஜா புயலில் மாமரங்கள் சாய்ந்த பிறகு பெரும்பகுதி தரிசாகவே கிடக்கிறது. வரும் ஐப்பசியில் குளோன் சவுக்கும் வேலியோரம் தென்னையும் வைக்க எண்ணியிருக்கிறோம். கொடைக்கானல் பைன் காட்டு மண்ணிலிருந்து எடுத்த வேர்ப் பூசணம் என்று ஒருவர் தூள் விற்கிறார். கிலோ 900 ரூபாய், ஏக்கருக்கு ஒரு கிலோ போதும், உரமே வேண்டாம் என்கிறார். சவுக்கும் பைனும் ஒரே இனம் என்றும், தைலமரத்தடியில் முளைக்கும் காளானே இதற்குச் சாட்சி என்றும் சொல்கிறார். வாங்கலாமா? அல்லது நாங்களே கொடைக்கானலிலிருந்து மண் எடுத்து வரலாமா?

பதில்: வாங்க வேண்டாம், மண்ணும் அள்ளி வர வேண்டாம். அந்த வியாபாரியின் பேச்சில் பாதி உண்மை இருப்பதால்தான் அது எடுபடுகிறது. எனவே அந்தப் பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பைன் மரம் தன் வேரை மட்டும் நம்பி வாழ்வதில்லை. அதன் நுனிவேர்களை ஒருவகைப் பூசணம் உறையாக மூடிக்கொண்டு, வேர்ச் செல்களுக்கு இடையே வலையாகப் பின்னி, மண்ணிலுள்ள மணிச்சத்தையும் (பாஸ்பரஸ்) தழைச்சத்தையும் (நைட்ரஜன்) திரட்டி மரத்துக்குக் கொடுத்துவிட்டு, மரம் தயாரிக்கும் சர்க்கரையில் ஒரு பங்கைப் பெற்றுக்கொள்கிறது. ஏறக்குறைய நம் பக்கத்து வாரச் சாகுபடி மாதிரியான ஏற்பாடு. ஜெர்மானியத் தாவரவியலாளர் ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் ஃபிராங்க் 1885இல் இதற்கு மைக்கோரைசா என்று பெயரிட்டார். போர்ட்டோ ரிக்கோ தீவில் பைன் வளர்க்க முயன்றபோது நாற்றுகள் தேறவே இல்லை. இந்தப் பூசணம் கலந்த மண்ணை வெளியிலிருந்து கொண்டுவந்து சேர்த்த பிறகே அவை வளர்ந்தன. கொடைக்கானல் பைனும் மலையில் தானாக வளர்ந்ததன்று, மனிதர் நட்டது. மழைக்குப் பின் அங்கே ஊசியிலைச் சருகை விலக்கிப் பார்த்தால், கவையாகப் பிரிந்து தடித்த நுனிவேர்களை வெறுங்கண்ணாலேயே காணலாம்.

ஆனால் இவை எல்லாம் பைன் போன்ற சில மரங்களுக்கே பொருந்தும். சவுக்கு பைன் இனமன்று. சவுக்கில் ஊசி போலத் தெரிவது இலையே அல்ல. ஒன்றைப் பறித்து இரு முனையையும் பிடித்து இழுத்தால் கணுக்கணுவாகக் கழன்று வரும் சிறுகிளை அது. உண்மையான இலைகள் அந்தக் கணுக்களில் பல்வரிசை போன்ற செதில்களாகச் சுருங்கியிருக்கும். பைன் ஊசியை அவ்வாறு கழற்ற முடியாது. சவுக்குக்கும் தென்னைக்கும் துணையாக வாழ்வது வேறு வகைப் பூசணம். அது வேரின் செல்லுக்குள்ளேயே புகுந்து கிளைவிடும். வெளியே உறையும் கட்டாது, காளானும் விடாது. வேளாண் அலுவலர்கள் ‘வேம்’ என்றும் வேர் உட்பூசணம் என்றும் சொல்வது இதைத்தான். வாழை, கரும்பு, உளுந்து, மிளகாய் எல்லாவற்றுக்கும் இதுவே. பைன் காட்டுப் பூசணத்தை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து தென்னை வேரில் கொட்டினாலும் அது ஒட்டாது.

தைலமரத்தடிக் காளானைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் இந்த ஒரு விதிவிலக்கை வைத்துத்தான் முழு வியாபாரமும் நடக்கிறது. நீங்கள் பார்த்தது உருண்டையாக, அடிப்பகுதி மண்ணுக்குள் புதைந்து, உடைத்தால் உள்ளே பயறளவு அறைகளும் மேலே பழுப்புத் தூளுமாக இருந்திருக்கும். அது பைசோலித்தஸ் என்னும் பூசணம். பைனோடும் தைலமரத்தோடும் உறவு கொள்வதுதான். தைலமரம் கன்றுப் பருவத்தில் வேர் உட்பூசணத்தை ஏற்று, வளர வளர உறைகட்டும் பூசணத்துக்கு மாறுகிற மரம். சவுக்கு வேரிலும் பைசோலித்தஸ் சில இடங்களில் காணப்பட்டதுண்டு. இவ்வளவும் உண்மைதான். ஆயினும் பைனோடு வாழும் பைசோலித்தஸ் வேறு, தைலமரத்தோடு வாழும் பைசோலித்தஸ் வேறு; பெயர் ஒன்றென்பதால் ஒன்றை எடுத்து மற்றதன் வேரில் வைத்துவிட முடியாது. மேலும் சவுக்கின் வளர்ச்சி அந்தப் பூசணத்தை நம்பி இல்லை. தைலமரத்தடியில் காளான் முளைப்பது தைலமரத்தைப் பற்றிய செய்தியே அன்றி, உங்கள் சவுக்கைப் பற்றிய செய்தி அன்று.

அடுத்து, ஏக்கருக்கு ஒரு கிலோ என்ற கணக்கு. ஒரு மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்குச் சுமார் 4,000 சவுக்குக் கன்றுகள் பிடிக்கும். ஒரு கிலோவை அவற்றுக்குப் பங்கிட்டால் கன்றுக்குக் கால் கிராம். உண்மையான வேர் உட்பூசணத் தூளையே நடவுக் குழியில் இடுவதானால் கன்றுக்கு 20 கிராம் பரிந்துரைக்கப்படுகிறது; அது ஏக்கருக்கு 80 கிலோ. அவர் சொல்லும் விலையில் 72,000 ரூபாய் ஆகும். ஆகவே சவுக்குக்கு இதை வயலில் இடுவதே வீண்செலவு. நாற்றங்காலில், பைக்கு 5 முதல் 10 கிராம் என்ற அளவில், வேர் இறங்கும் வழியில் இடுவதே முறை. குளோன் கன்றுகளைத் தென்னை நார்க்கழிவில் குச்சியாக ஊன்றி வேர்விடச் செய்வதால், மண்ணில் விதைத்த நாற்றுக்குத் தானாக ஒட்டிக்கொள்ளும் பூசணம் அவற்றுக்குக் கிடைப்பதில்லை. அங்கேயே ஒரு பிடி சேர்த்துத் தந்தால் விவசாயிக்கு இந்தக் கவலையே வராது. ஆனால் மானியமும் ஒப்பந்தமும் கன்றின் எண்ணிக்கையைத்தான் கேட்கின்றன. வேரில் என்ன இருக்கிறது என்று எந்தப் படிவத்திலும் ஒரு கட்டம்கூட இல்லை. அரசு வழங்கும் உயிர் உரப் பொட்டலமோ பல நேரங்களில் நடவு முடிந்த பிறகுதான், தகரக் கொட்டகையில் வெந்த நிலையில், கைக்கு வந்து சேர்கிறது.

கடையில் வாங்குவதானால் மூன்று பேச்சுகளை நம்பாதீர்கள். முதலாவது, திரவமாகக் காய்ச்சிய வேர் உட்பூசணத்தை வெல்லம் போட்டு டிரம்மில் பெருக்கிக்கொள்ளலாம் என்பது. உயிருள்ள வேர் இல்லாமல் இந்தப் பூசணம் பெருகாது. மக்காச்சோளம் போன்ற பயிரின் வேரில் வளர்த்து, அந்த வேர்த்துணுக்குகளோடும் வித்துகளோடும் சேர்த்துத்தான் தயாரிக்கிறார்கள். இரண்டாவது, பொட்டலத்துக்குள் வெள்ளை நூலாகப் படர்ந்திருப்பதைக் காட்டி உயிரோடிருக்கிறது என்பது. அது தவிட்டில் பிடித்த சாதாரணப் பூஞ்சை. மூன்றாவது, உரமே வேண்டாம் என்பது. இந்தப் பூசணம் முக்கியமாக மணிச்சத்தைத் தேடித் தரும். தழைச்சத்துக்கு இதை நம்ப முடியாது. அதே சமயம் நடவுக் குழியில் மணிச்சத்து மிகுந்த டிஏபி உரத்தைக் கொட்டினால் மரம் பூசணத்தைத் தேடாது, பூசணமும் வேரில் பரவாது. பூசணக்கொல்லியான கார்பண்டசிம் கரைசலை வேரில் ஊற்றுவதும் கூடாது.

சவுக்குக்குத் தழைச்சத்து தருவது வேறொரு துணை. மைக்கோரைசாவுக்குப் பெயரிட்ட ஃபிராங்கின் பெயரையே தாங்கிய ஃபிராங்கியா என்னும் நுண்ணுயிர் அது. வேரில் முடிச்சுகளை உண்டாக்கி, காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தருகிறது. உங்கள் ஊரிலேயே நன்றாக வளர்ந்த பழைய சவுக்குத் தோப்பு ஒன்றில், மரத்தடி மண்ணை ஒரு சாண் ஆழத்துக்குள் கிளறுங்கள்; பவளப்பூச்சி கட்டியதுபோல் கொத்தாக, நுனியிலிருந்து மெல்லிய வேர்கள் மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் முடிச்சுகள் கிடைக்கும். அவற்றைக் கழுவி, நசுக்கி, அதே மரத்தடி மண்ணோடு கலந்து, நடவுக்குச் சில வாரங்கள் முன்பே கன்றுப் பைகளில் ஒவ்வொரு பிடி இடுங்கள். ஃபிராங்கியாவும் வேர் உட்பூசணமும் அந்த மண்ணிலேயே உண்டு; செலவு கூலி மட்டுந்தான். தோப்பைத் தேர்ந்தெடுக்கும்போது மட்டும் கவனம் தேவை. பட்டை உப்பி வெடித்து, உள்ளே கரும்பொடி தெரியும் மரமோ, திடீரென வாடிக் காய்ந்த மரமோ நிற்கும் தோப்பிலிருந்து ஒரு கைப்பிடி மண்கூட எடுக்காதீர்கள். அந்த நோய் உங்கள் நிலத்துக்கு வந்துவிடும்.

தென்னங்கன்றுகளுக்கு, தரமான வேர் உட்பூசணத் தூளைக் குழியில் வேர்படும்படி இட்டு, தொழுவுரமும் போட்டால் போதும்.

கொடைக்கானல் மண்ணைப் பொறுத்தவரை, காப்புக்காட்டில் அனுமதியின்றி மண் எடுப்பது வனச் சட்டப்படி குற்றம். பிடிபட்டால் அபராதம் உங்களுக்கே, அந்த வியாபாரிக்கு அன்று.

முன்பணம் ஏதும் கொடுத்திருந்தால் அவரிடம் ரசீது கேளுங்கள். வேர் உட்பூசணம் 1985ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் வருகிற உயிர் உரம் என்பதால், தயாரித்தவர் பெயர், தொகுதி எண், தயாரிப்புத் தேதி, காலாவதித் தேதி ஆகியவை பொட்டலத்தில் அச்சாகியிருக்க வேண்டும். இவை இல்லையென்றால் பொட்டலத்தைப் பிரிக்காமல், உங்கள் வட்டார வேளாண்மை உதவி இயக்குநரிடம் எழுத்துமூலம் புகார் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சாகச் சொல்லிவிட்டு வந்தால் ‘பார்க்கிறோம்’ என்பார்கள். அடுத்த பருவத்தில் அவர் வேறு பெயரில், வேறு ஊரில் அதே தூளை விற்றுக்கொண்டிருப்பார்.