ராமநாதபுரம் கடற்கரை ஊர்ப் பிள்ளை, கணிதம் அல்லது புள்ளியியல் படிக்க விண்ணப்பத்தை எப்படி வலுவாக்குவது?

கேள்வியில் நீங்கள் எழுதியிருப்பது இவ்வளவுதான். தங்கை பிளஸ் டூ படிக்கிறாள். கணிதமோ புள்ளியியலோதான் படிப்பேன் என்கிறாள். ஐ.எஸ்.ஐ. (இந்தியப் புள்ளியியல் நிறுவனம்), சி.எம்.ஐ. (சென்னைக் கணிதவியல் நிறுவனம்), முடிந்தால் இங்கிலாந்து. "ராம்நாட்டு ஸ்டேட் போர்டு பிள்ளை, சும்மா அனுப்பினா எடுபடாது, ப்ரொஃபைல் நாங்க ரெடி பண்ணித் தர்றோம்" என்று ஒரு கன்சல்டன்சி பணம் கேட்கிறது. கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள் அண்ணா. நீங்கள் வளைகுடாவில் எங்கோ வேலை பார்த்து அனுப்புகிற பணம் என்றுதான் ஊகிக்கிறேன். நம் கடற்கரையில் பாதி வீடுகளின் கதை அதுதானே.

"ராம்நாட்டுப் பிள்ளை எடுபடாது" என்ற வரியைப் படித்த பிறகு பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் பாம்பன். அப்பா நாட்டுப்படகில் கடலுக்குப் போகிறவர். பிளஸ் டூ வரை தமிழ் மீடியம், அரசுப் பள்ளி. அங்கிருந்து கொல்கத்தா ஐ.எஸ்.ஐ.யில் பி.ஸ்டாட் (புள்ளியியல் இளநிலைப் பட்டம்) சேர்ந்தேன், முடித்தேன். என்னிடம் ப்ரொஃபைல் என்று எதுவும் இருக்கவில்லை. தேவையும் படவில்லை.

ஐ.எஸ்.ஐ. விண்ணப்பத்தில் ப்ரொஃபைலைச் செருக இடமே கிடையாது. பெயர், படிப்பு, சான்றிதழ், அவ்வளவுதான். எடுப்பது நுழைவுத் தேர்வை வைத்து. ஒரு தாள் கொள்குறி வகை, இன்னொன்று விரிவாக எழுதுவது. சிறுசேரியில் இருக்கிற சி.எம்.ஐ.யும் இதே மாதிரி இரண்டு பகுதி வைக்கிறது. இரண்டு இடத்திலும் பிள்ளைகளைப் பிரித்துக் காட்டுவது எழுதும் பகுதிதான். நம் பிள்ளைகள் தடுமாறுவதும் அங்கேதான். காரணம் அறிவுக்குறைவு இல்லை, பழக்கம். புத்தகப் பின்பக்கக் கணக்கையும் இருபது ஒரு மார்க்கையும் மனப்பாடம் செய்துதான் நம்மை வளர்க்கிறார்கள்.

ஒரு உதாரணம். அடுத்தடுத்து வரும் இரண்டு மிகை முழு எண்களைப் (1, 2, 3 என்று போகிறவை) பெருக்கி ஒன்றைக் கூட்டினால், விடை ஒருபோதும் முழு வர்க்கம் ஆகாது என்று நிறுவு. நம் வகுப்பில் கொடுத்தால் 2, 3 போட்டு 7 வருது. 3, 4 போட்டு 13 வருது. 7, 8 போட்டு 57 வருது, எதுவும் வர்க்கம் இல்லை, சரி என்று முடிப்பார்கள். அதற்கு மதிப்பெண் கிடைக்காது. எழுத வேண்டியது இது: அந்த விடை சிறிய எண்ணின் வர்க்கத்தை விடப் பெரியது, பெரிய எண்ணின் வர்க்கத்தை விடச் சிறியது. 57 என்பது 49-க்கும் 64-க்கும் நடுவில் நிற்கிறது. அடுத்தடுத்த இரண்டு வர்க்கங்களுக்கு நடுவில் இன்னொரு வர்க்கம் இருக்க வழியில்லை. இதை எண்ணுக்குப் பதில் எழுத்தை வைத்து நாலு வரியில் எழுதத் தெரிந்தால் போதும். பழைய கேள்வித்தாள்கள் அந்தந்த நிறுவனத்தின் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. தங்கை வாரம் இரண்டு கணக்கு இப்படி முழுசாக எழுதட்டும். கணக்கு தெரிந்த யாராவது ஒருவர் சிவப்பு மையில் திருத்தட்டும். கேள்வித்தாள் ஆங்கிலத்தில் இருக்கும். தமிழ் மீடியம் என்றால் அதே அரசுப் பாடநூலின் ஆங்கிலப் பதிப்பைப் பக்கத்தில் வைத்துப் படித்தாலே சொற்கள் பழகிவிடும். நான் அப்படித்தான் பழகினேன்.

கோச்சிங் போகிறவர்களைக் குறை சொல்லவில்லை. "நீ தேறிட்ட, அதனால பேசுற" என்று கீழே எழுத வருகிறவர்களுக்காக முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

இங்கிலாந்து கொஞ்சம் வேறு. அங்கே விண்ணப்பத்தோடு தன்னைப் பற்றித் தானே எழுதும் கடிதம் (பர்சனல் ஸ்டேட்மென்ட்) உண்டு. 2026 சேர்க்கையிலிருந்து அதை மூன்று கேள்விகளாகப் பிரித்துவிட்டார்கள்: ஏன் இந்தப் படிப்பு, இதுவரை படித்தது எப்படித் தயார் செய்தது, வகுப்புக்கு வெளியே என்ன செய்தாய். மொத்தம் 4,000 எழுத்துகள்தான். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் என்றால் அக்டோபர் 15 கடைசி. நமக்குக் காலாண்டுத் தேர்வு முடிந்த கையோடு வந்துவிடும். கன்சல்டன்சி காசு வாங்குவது இந்தக் கடிதத்துக்காகத்தான். "சிறு வயது முதலே கணிதத்தில் ஆர்வம்" என்று ஆரம்பித்து எல்லாப் பிள்ளைக்கும் ஒரே கடிதத்தை எழுதித் தருவார்கள். நம் கடற்கரையில் இதற்கு எழுத விஷயமா இல்லை?

பாம்பன் தெற்குவாடியில் காலையில் மீன் இறங்கும்போது நோட்டும் பேனாவுமாக ஒருவர் வருவார். மண்டபத்தில் இருக்கிற மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துக்காரர். சில படகுகளை மட்டும் பார்ப்பார். சூடை எத்தனை கூடை, காரல் எத்தனை, கணவாய் எவ்வளவு என்று எழுதிக்கொண்டு போய்விடுவார். ஒரு நாள் எங்கள் படகைப் பார்க்காமலே போனார். அம்மாவுக்குக் கோபம். "ஏன் சார், எங்க மீனைக் கணக்குல சேக்க மாட்டீங்களா?" என்று கேட்டுவிட்டார். அவர் நின்று பதில் சொன்னார்: "எல்லாப் படகையும் எண்ண முடியாதும்மா. எந்த நாள், எந்தப் படகுன்னு குலுக்கல் மாதிரி எடுப்போம். அதை வச்சு மொத்தத்தையும் கணக்குப் போட்டுருவோம்."

எனக்கு அன்றிலிருந்து வேறு நினைப்பே இல்லை. பத்துப் படகைப் பார்த்து முழுக் கரையையும் எப்படிச் சொல்ல முடியும்? நம் பாக் நீரிணைப் பக்கம் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, மற்ற நாள் நாட்டுப்படகு என்று முறை இருக்கிறதே. எப்போதும் ஒரே கிழமையில் வந்து எண்ணுகிறவருக்கு ஒருவகைப் படகுதான் கண்ணில் படும், கணக்கு அடியோடு தப்பாகும். அப்படியானால் நாட்களை இரண்டு குவியலாகப் பிரித்து ஒவ்வொன்றிலிருந்தும் தனித்தனியாகக் குலுக்கி எடுக்க வேண்டும் என்று நானே யோசித்து நோட்டில் எழுதி வைத்தேன். அதற்கு ஸ்ட்ராட்டிஃபைடு சாம்ப்ளிங் என்று பெயர் இருப்பதும், அந்த நிலையமே கடலோரம் முழுக்க அந்த முறையில்தான் மீன் கணக்கு எடுக்கிறது என்பதும் பிறகுதான் தெரிந்தது. ஐ.எஸ்.ஐ.யை 1931-இல் தொடங்கிய மஹலனோபிஸ், வங்காளத்துச் சணல் சாகுபடியை இப்படிச் சிலவற்றை மட்டும் மாதிரியாக எடுத்துத்தான் அளந்தார்.

நான் ஐ.எஸ்.ஐ.க்கு எழுதியபோது எழுத்துத் தேர்வுக்குப் பிறகு நேர்முகமும் இருந்தது. ஊரைக் கேட்டார்கள், இதைச் சொன்னேன். "இரண்டு குவியலில் எதிலிருந்து அதிக நாட்களை எடுப்பாய்?" என்றார் ஒருவர். "எந்தக் குவியல் பெரிதோ, எதில் பிடிப்பு தாறுமாறாக ஏறி இறங்குமோ அதிலிருந்து அதிகம் எடுப்பேன். விசைப்படகு நாளில் ஒரு நாள் கொட்டும், ஒரு நாள் டீசல் காசுக்கே தேறாது" என்றேன். புள்ளியியல் அறிஞர் நெய்மன் 1934-இல் எழுதிய கட்டுரையில் இதற்குச் சூத்திரம் இருக்கிறது. எனக்கு அன்று சூத்திரம் தெரியாது, கரை தெரியும். அதைப் பெருமையாகவே சொல்கிறேன்.

தங்கையிடமும் இப்படி ஏதாவது இருக்கும். உப்பளமோ, கருவாடோ, பஸ் வரும் நேரமோ, எதுவானாலும் சரி. அவள் உட்கார்ந்து யோசித்ததை அவளே எழுதட்டும்.

இங்கிலாந்துக்கு ஆசிரியரின் பரிந்துரைக் கடிதமும் கேட்பார்கள். நம் ஆசிரியர்கள் நன்னடத்தைச் சான்றிதழ் மாதிரி "அமைதியான, ஒழுக்கமான மாணவி" என்று எழுதித் தருவார்கள். பாசம்தான், ஆனால் உதவாது. எந்தக் கணக்கை எப்படிப் போட்டாள், என்ன கேள்வி கேட்டாள் என்று எழுதச் சொல்லிப் பணிவாகக் கேளுங்கள்.

கடிதம் எழுத அந்த ஆசிரியர் இருக்க வேண்டுமே, அது இன்னொரு வேதனை. எனக்கு பிளஸ் ஒன் முழுக்கக் கணக்குப் பணியிடம் காலி. இயற்பியல் சார்தான் சாயங்காலம் உட்கார்ந்து கணக்கும் நடத்தினார். நம் மாவட்டத்துக்கு மாறுதல் என்றாலே தண்ணியில்லாக் காட்டுக்குத் தூக்கி அடித்ததாக நினைத்து, வந்த அன்றே திரும்பிப் போக மனு எழுதுகிறவர்களை எத்தனை பேரைப் பார்த்துவிட்டோம்! பிறகு "பின்தங்கிய மாவட்டம்" என்று நம்மைச் சொல்வார்கள். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். ஆனால் உங்கள் கன்சல்டன்சிக்காரர் பேச்சும் இதே வாயிலிருந்து வருவதுதான்.

இன்னொன்று உங்களுக்குப் பொருந்தாமல் இருக்கலாம், படிக்கிற மற்ற பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. ஐ.எஸ்.ஐ., சி.எம்.ஐ. தேர்வுகள் வழக்கமாக மே மாதம் வரும். பயணச் செலவும் சேர்க்கைச் செலவும் வீட்டில் காசே இல்லாத நேரத்தில் வந்து நிற்கும். தை, மாசியிலேயே தனியாக எடுத்து வையுங்கள். நான் படித்தபோது ஐ.எஸ்.ஐ.யில் படிப்புக் கட்டணம் கிடையாது, மாதா மாதம் உதவித்தொகையும் வந்தது. ஒரு முறை போய்ச் சேர்ந்துவிட்டால் பயமில்லை.

சான்றிதழை இப்போதே பாருங்கள். பள்ளியில் காட்டிய பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் மத்திய நிறுவனங்களில் செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வேண்டும், இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். பல இடங்களில் அந்த நிதியாண்டுக்குரியதைத்தான் கேட்பார்கள். அறிவிப்பு பொதுத்தேர்வுப் பரபரப்பில் வந்து போய்விடும். அதனால் கடைசித் தேதியைப் பார்க்கும் வேலையைத் தங்கையிடம் விடாமல் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.