பொன்னாடைக்கு ஒரு ஆங்கிலச் சொல்

கேள்வி: ஓய்வு பெறும் தலைமை ஆசிரியருக்கு எங்கள் ஊரில் பாராட்டு விழா வைத்திருக்கிறோம்ங்க. ஃபிளெக்ஸில் ‘ஃபெசிலிடேஷன் ஃபங்ஷன்’ என்று அடித்து வந்திருக்கிறது. தப்பு என்று கேட்டால், கம்ப்யூட்டர் சிவப்புக் கோடு காட்டவில்லையே என்கிறார் கடைக்காரர். எது சரி?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: தப்புதாங்க. உங்களுக்கு வேண்டியது ‘ஃபெலிசிடேஷன்’. ‘ஃபெசிலிடேட்’ என்றால் ஒரு வேலையை எளிதாக்கிக் கொடுப்பது. இரண்டுமே அகராதியில் இருப்பதால் கம்ப்யூட்டர் கோடு போடாது. எஃப்புக்கு அடுத்து ஈ, எல் வந்தால் பாராட்டு. ஏ, சி வந்தால் வசதி. புதிதாக அடிக்க வேண்டியதில்லை. இரண்டாவது எழுத்தை ஈ, மூன்றாவதை எல், ஐந்தாவதை சி என்று மாற்றி ஸ்டிக்கர் ஒட்டினால் போதும். அடுத்த முறை கடைக்கு வாயால் சொல்லாமல் எழுதிக் கொடுங்கள்.

லத்தீனில் ‘ஃபெலிக்ஸ்’ என்றால் மகிழ்ச்சியுள்ள, பேறு பெற்ற என்று பொருள். அந்த வேரிலிருந்து வந்ததால் பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் இது வெறும் வாழ்த்துதான், அதுவும் பழைய நடை. மேடையேற்றி, பொன்னாடை போர்த்தி, கேடயம் கொடுக்கிற அர்த்தம் நம் நாட்டு ஆங்கிலத்தில் சேர்ந்துகொண்டது. நம்ம பக்கம் ‘துண்டு போட்டு மரியாதை பண்றது’ என்கிறோமே, அதற்கு இது கச்சிதம். இங்கே தாராளமாகப் புழங்கலாம்.

ஆனால் ‘ஃபெலிசிடேட்’ என்ற வினைச்சொல்லுக்கு ஆள் வேண்டும். ‘ஹிஸ் சர்வீஸ் வாஸ் ஃபெலிசிடேட்டட்’ என்றால் பணிக்கே பொன்னாடை போர்த்தியதாகிவிடும். ‘ஹீ வாஸ் ஃபெலிசிடேட்டட் ஃபார் ஹிஸ் சர்வீஸ்’ என்று எழுதுங்கள். அழைப்பிதழையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ‘ஃபெலிசிடேஷன் பை’ என்பதன் கீழே வாழ்த்துரை வழங்குவோர் பெயர்தான் வர வேண்டும். விழா நாயகர் பெயரை அங்கே போட்டால், அவரே தன்னைப் பாராட்டிக்கொண்ட கதையாகும்!

கேள்வி: லண்டனில் இருக்கும் பேராசிரியருக்குப் பதவி உயர்வு. ‘ஐ ஃபெலிசிடேட் யூ’ என்று மெயில் எழுதலாமா?
– வாசகி, பொள்ளாச்சி

பதில்: இலக்கணப்படி தப்பில்லை; படிப்பவருக்குப் பழைய காலத்து ஓலை மாதிரி இருக்கும். ‘கங்கிராஜுலேஷன்ஸ் ஆன் யுவர் ப்ரமோஷன்’ போதும். அங்கே ‘ஆன்’தான், ‘ஃபார்’ போடாதீர்கள். நீங்கள் ஊரில் அவருக்கு விழா எடுத்து, அந்தச் செய்தியை லண்டன் நண்பர்களுக்கு எழுதுவதானால் ‘வாஸ் ஹானர்டு அட் எ செரிமனி’ என்றால் சட்டென்று புரியும்.