வீட்டுத் திருத்த வேலை: கூலி தனி, சாமான் தனி

மட்டக்களப்பில் வீட்டுத் திருத்த வேலைக்கு ஆள் பிடித்தால், கடைசியில் அவர் சொல்லும் தொகை நியாயமானதா என்று எப்படி அறிவது எனக் கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் அறிய முடியாது. கேட்க வேண்டியதையெல்லாம் அவர் கருவிப் பையைத் திறக்கும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

கல்லடியில் அம்மாவின் வீட்டுத் தண்ணீர் மோட்டர் உறுமிக்கொண்டு சுற்றாமல் நின்றது. வந்தவர் கழற்றினார், கடைக்குப் போய் வந்தார், பூட்டினார். மோட்டர் ஓடியது. பிறகு கொப்பித் தாளில் ஒரே வரி: "மோட்டர் வேலை 18,500." கூலி எவ்வளவு, சாமான் எவ்வளவு என்று அம்மா கேட்டதற்கு, "எல்லாம் சேர்த்துத்தான் அம்மா" என்றார். எனக்குக் கோபம் வந்தது தொகையைப் பார்த்தல்ல, அந்த ஒற்றை வரியைப் பார்த்து. மோட்டர் உறுமினால் கப்பாசிட்டர் போயிருக்கலாம். அது சிறிய சாமான், மாற்றவும் அதிக நேரம் ஆகாது. பெயரிங் இறுகியிருந்தாலும் உறுமும். சுருள் எரிந்திருந்தால்தான் பெரிய செலவு. இவற்றில் எது நடந்தது என்று அந்தத் தாளில் இல்லை. கடற்காற்றில் எல்லாம் துருப்பிடிக்கும் என்பார்கள். உண்மைதான், ஆனால் துருப்பிடித்ததைக் காட்டலாமே! கழற்றிய பழைய சாமானை வீட்டிலேயே விட்டுப் போகும்படி முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சாமானுக்கு ஹாட்வெயார் கடையின் பில்லையே கேளுங்கள்; பாஸ், அதாவது வேலைக்கு வந்த தொழிலாளி, கையால் எழுதித் தரும் தொகை போதாது. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, வாங்குபவர் கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டுக் கொடுத்தே ஆக வேண்டும். சேவை வழங்குபவர் உரிய கவனத்தோடும் திறமையோடும் வேலை செய்ய வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. முறைப்பாட்டுக்கு அந்த அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி எண்ணை அழைக்கலாம்.

கூலியில் முதலில் தீர்க்க வேண்டியது, நாட்கூலியா, முழு வேலைக்கும் ஒரே தொகை பேசும் கொந்தராத்தா என்பது. நாட்கூலி என்றால் கையாளின் கூலி அதில் அடங்குமா என்று கேளுங்கள். கொந்தராத்து என்றால் எந்த வேலை வரை என்று எல்லை போடுங்கள். வந்து பார்த்துவிட்டு வேலை செய்யாமல் போனால் எவ்வளவு? இதைக் கேட்க மறப்பவர்களே அதிகம். சுவரை உடைத்த பிறகு வேறு பழுது தெரிய வந்தால், கை வைக்கும் முன் உங்களிடம் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும். முற்பணம் சாமான் காசோடு நிற்கட்டும்.

தெரிந்த பாஸிடம் இப்படிக் கேட்கக் கூச்சமாக இருக்கும். தெரிந்தவரிடம்தான் இன்னும் தெளிவாகக் கேட்க வேண்டும் என்பேன். காசால் மனம் கசந்தால் அயலில் எப்படி முகம் பார்ப்பது? நல்ல தொழிலாளிக்கும் இதனால் நன்மையே. கூலி தனியாகத் தெரிந்தால், சாமான் விலை ஏறியதற்காக அவருடைய உழைப்பில் யாரும் பேரம் பேச முடியாது. பேசியதையெல்லாம் எழுதித் தரச் சொல்லுங்கள்; எழுதச் சிரமப்படுபவர் வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பினாலும் போதும். திருத்திய இடம் மறுபடி பழுதானால் எத்தனை நாள் வரை கூலியின்றி வந்து பார்ப்பார் என்பதையும் அதில் சொல்லச் சொல்லுங்கள்.

கூரை ஒழுக்கு என்றால் புரட்டாசியிலேயே ஆளைக் கூப்பிட்டு விலையைப் பேசி எழுதி வாங்குங்கள். மாரி தொடங்கிய பின் எல்லா வீட்டிலும் அதே பாஸைத்தான் தேடுவார்கள்.