ஓடி முடித்ததும் இழுப்பு: இன்ஹேலர் அடித்தும் ஏன் நிற்கவில்லை?

கேள்வி: என் மகனுக்கு 13 வயது. பள்ளியில் 800 மீட்டர் ஓடுகிறான். ஓடும்போது ஒன்றும் தெரிவதில்லை. முடித்து ஐந்து, பத்து நிமிடத்தில் இருமலும் வீசிங்கும் வந்துவிடும். ஓடும் முன், மூச்சுக்குழாயைத் தளர்த்தும் சால்பூட்டமால் இன்ஹேலர் இரண்டு பஃப் எடுக்கச் சொன்னார் டாக்டர். எடுத்தும் வருகிறது. பழகிப்போய்விடும், நிறுத்து என்கிறார்கள் வீட்டுப் பெரியவர்கள். என்ன செய்வது?

பதில்: நிறுத்த வேண்டாம், அம்மா. முதலில் அவன் அதை எப்போது, எப்படி அடிக்கிறான் என்று பக்கத்தில் நின்று பாருங்கள்.

ஓட்டத்துக்கு 10 முதல் 15 நிமிடம் முன்பு எடுக்க வேண்டும். பலன் இரண்டு முதல் நான்கு மணி நேரம்தான். காலையில் வீட்டில் அடித்தது மாலைப் பயிற்சிக்கு உதவாது.

இன்ஹேலரைக் குலுக்கி ஸ்பேசரில் (மருந்தைத் தேக்கிவைத்து இழுக்க உதவும் பிளாஸ்டிக் குழல்) பொருத்தி, மூச்சை முழுக்க வெளியே விட்டு, உதட்டால் இறுகக் கவ்வி, ஒரே ஒரு பஃப். மெதுவாக ஆழ இழுத்து 10 வினாடி அடக்கட்டும். அரை நிமிடம் விட்டு, மறுபடி குலுக்கி, அடுத்தது. இரண்டையும் சேர்த்து அடித்து ஒரே மூச்சில் இழுப்பதுதான் பலர் செய்யும் தவறு. உதட்டோரம் வெண்புகை கசிந்தால் அந்த மருந்து நுரையீரலுக்குப் போகவில்லை. ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் அலசி அப்படியே காயவிடுங்கள். துணியால் துடைத்தால் பிளாஸ்டிக்கில் மின்னூட்டம் ஏறி, மருந்துத் துகள்கள் அதன் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும்.

வேகமாக ஓடுகிறவன் வாயால் மூச்சு வாங்குவான். அந்தக் காற்று மூச்சுக்குழாயின் ஈரத்தை உறிஞ்ச, தசைகள் இறுகுகின்றன. பந்தயத்துக்கு முன் 10, 15 நிமிடம் குட்டிக் குட்டி ஓட்டமாக உடம்பைச் சூடாக்கிக்கொண்டால் இறுக்கம் குறையும்.

இன்ஹேலர் அடிமையாக்காது. ஆனால் பெரியவர்களின் பயத்தில் ஓர் உண்மை இருக்கிறது: சால்பூட்டமாலை மட்டும் தினமும் எடுத்தால் அதன் பாதுகாப்பு குறைந்துகொண்டே வரும். தினமும் தேவைப்படுகிறது என்றால் மூச்சுக்குழாயின் உள்ளே அழற்சி (வீக்கம்) அடங்கவில்லை. 12 வயதுக்கு மேல் சால்பூட்டமாலை மட்டும் நம்பக் கூடாது, அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலரும் வேண்டும் என்று 2019 முதல் ஜினா எனும் உலக ஆஸ்துமா வழிகாட்டுதல் சொல்கிறது. பியூடெசொனைடு (ஸ்டீராய்டு)–ஃபார்மோட்டெரால் (மூச்சுக்குழாயைத் தளர்த்துவது) கலவை இன்ஹேலரை ஓடும் முன்பும் எடுக்கலாம். இதை டாக்டரிடம் அவசியம் கேளுங்கள். அந்தக் கலவையை எடுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும்.

மைதானத்தில் இழுப்பு வந்தால் நிமிர்ந்து உட்கார வைத்து, ஸ்பேசரில் சால்பூட்டமால் நான்கு பஃப், ஒவ்வொன்றாக, ஒவ்வொன்றுக்கும் நான்கு மூச்சு. நான்கு நிமிடத்தில் குறையாவிட்டால் இன்னொரு நான்கு. அதற்கும் அடங்காவிட்டாலோ, ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாவிட்டாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ உடனே 108. வண்டி வரும்வரை இதையே தொடருங்கள். அவனுடைய பி.டி. மாஸ்டருக்கும் இது தெரிந்திருக்கட்டும்.