எடை குறைய வயிற்றைக் காயப்போட வேண்டாம்: கேள்வி பதில்

உணவு ஆலோசகராகப் பல வருடம் உட்கார்ந்தவள் நான். வந்திருக்கும் கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே பயம்தான்: கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிட்டால், அதுவும் எண்ணெய், கொட்டை என்று சாப்பிட்டால், இறங்கிய எடை ஏறிவிடுமோ என்று. அதனால் முதல் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, எனக்கு வயது 34, உயரம் 160 செ.மீ., எடை 72 கிலோ. உட்கார்ந்து பார்க்கும் வேலை. இரண்டு மாதமாக நாளுக்கு 900 கலோரிதான். முதலில் மளமளவென்று இறங்கியது, மூன்று வாரமாக அசையவில்லை. முடி கொட்டுகிறது, எப்போதும் குளிர்கிறது. இன்னும் குறைக்கட்டுமா?

பதில்: குறைக்காதே தங்கச்சி, கூட்ட வேண்டிய நேரம் இது. கணக்குப் போட்டுப் பார். எடையைப் பத்தால் பெருக்கு: 720. உயரத்தை 6.25-ஆல் பெருக்கு: 1,000. இரண்டையும் கூட்டி, வயதின் ஐந்து மடங்கான 170-ஐக் கழி. பெண் என்பதால் இன்னொரு 161-ஐயும் கழி. 1,389 வருகிறது. (ஆணாக இருந்தால் 161 கழிப்பதற்குப் பதில் 5 கூட்ட வேண்டும்.) நாள் முழுக்க அசையாமல் படுத்துக் கிடந்தாலும் மூச்சுக்கும் இதயத்துக்கும் உடம்புச் சூட்டுக்கும் ஆகிற செலவு இது. அதற்கே போதாத அளவுதான் நீ சாப்பிடுகிறாய்!

உட்கார்ந்த வேலை, கொஞ்சம் நடை என்றால் அதை 1.4-ஆல் பெருக்கலாம். ஏறக்குறைய 1,940. அதில் 400, 500 குறைத்துச் சாப்பிட்டாலே எடை இறங்கும். உன் இலக்கு 1,450-லிருந்து 1,550 வரை.

பட்டினி கிடந்தால் எடையே குறையாது என்று சிலர் சொல்வதை நான் ஒப்புக்கொள்வதில்லை. குறையும், ஆனால் விலை அதிகம். 1944-45-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 ஆண்களுக்கு ஆறு மாதம் அரைவயிறு போட்டுப் பார்த்தார். கொடுத்தது 1,600 கலோரிக்குப் பக்கம். எடையில் கால்வாசி போயிற்று. கூடவே குளிர், முடி உதிர்வு, மனச்சோர்வு, எந்நேரமும் சாப்பாட்டைப் பற்றியே நினைப்பு. உனக்கு நடப்பதும் அதே ஜாதிதான். உடம்பு செலவைச் சுருக்குகிறது, உனக்கே தெரியாமல் நீ அசைவதும் குறைகிறது, உடம்பில் தேங்கும் நீர் உண்மையான இறக்கத்தை மறைக்கிறது. முதலில் மளமளவென்று போனதிலும் நீர் நிறைய உண்டு. வாரத்துக்கு 150 கலோரி என்று படிப்படியாக ஏற்று. முடி உதிர்வுக்குத் தைராய்டு, இரும்புச் சத்து இரண்டையும் ஒரு முறை பார்த்துவிடு.

கேள்வி: அந்த 1,500-இல் கொழுப்பு எவ்வளவு இருக்கலாம்?

பதில்: முப்பது சதவீதம் என்றால் 450 கலோரி. ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி, ஆகவே 50 கிராம். சமையல் எண்ணெய், முட்டை, மீன், பால், கொட்டை எல்லாவற்றிலும் இருப்பதைச் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு.

கேள்வி: நான் எண்ணெயை அடியோடு நிறுத்திவிட்டேன். சாலட்கூட வெறுமனேதான். ஆனால் சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் பசிக்கிறது.

பதில்: வெறும் இலையும் காயும் வயிற்றில் எவ்வளவு நேரம் நிற்கும்? கொழுப்பு சேர்ந்தால் இரைப்பை மெதுவாகக் காலியாகும். இன்னொன்று, ஏ, டி, இ, கே வைட்டமின்கள் கொழுப்பில் கரைபவை. கேரட்டை எண்ணெய்ப் பசையே இல்லாமல் தின்றால் அதன் பீட்டா கரோட்டின் (உடம்பு வைட்டமின் ஏ-ஆக மாற்றிக்கொள்ளும் சத்து) உடம்பில் சரியாகச் சேராது. இரண்டு டீஸ்பூன் எண்ணெய் விட்டுப் பிசறு, கூட ஒரு முட்டையோ ஒரு கைப்பிடி வேகவைத்த கடலையோ சேர்த்துக்கொள். எண்பது கலோரி எண்ணெய்க்குப் பயந்து மாலையில் ஒரு பாக்கெட் பிஸ்கட்டைக் காலி செய்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: நல்ல கொழுப்புதானே என்று தினமும் பாதாமும் பீனட் பட்டரும் சாப்பிடுகிறேன். எடை ஏறுகிறது.

பதில்: நல்லதுதான் தம்பி, ஆனால் கலோரி கலோரிதான். இதே கேள்வியோடு வந்த ஒருவரிடம் வீட்டு ஸ்பூனையும் பீனட் பட்டர் டப்பாவையும் கொண்டுவரச் சொன்னேன். தினமும் எடுப்பதுபோலவே ஒரு ஸ்பூன் எடுத்துத் தராசில் வைத்தார். கோபுரம்போல் குவிந்திருந்தது. 33 கிராம், கிட்டத்தட்ட 195 கலோரி. அவர் எழுதி வைத்திருந்ததோ 95. அப்படி நாளுக்கு மூன்று ஸ்பூன். யாரும் ஏமாற்றவில்லை, கண்ணளவு அப்படித்தான். இரண்டு வாரம் மட்டும் நிறுத்துப் பார், பிறகு கை பழகிவிடும். பாதாம் 23 பருப்பு ஏறக்குறைய 28 கிராம், 165 கலோரி.

கேள்வி: வெண்ணெயா, தேங்காய் எண்ணெயா, எது நல்லது?

பதில்: இரண்டிலுமே நிறைகொழுப்பு (கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றும் வகை) அதிகம், அளவோடு போதும். அன்றாடத்துக்குக் கடலை எண்ணெய், ஆலிவ் எண்ணெய் மாதிரி எதையாவது வைத்துக்கொள்ளுங்கள். மீனில் கிடைக்கும் ஒமேகா-3 என்ற நல்ல கொழுப்புக்காக, மீன் சாப்பிடாதவர்கள் ஆளிவிதையைப் பொடித்துச் சேர்க்கலாம். முழுசாகப் போட்டால் அப்படியே வெளியே போய்விடும்.

கேள்வி: அப்பா கொழுப்பே இல்லாத உணவில் இரண்டு மாதத்தில் 15 கிலோ குறைத்தார். இப்போது பித்தப்பையில் கல் என்கிறார்கள். சம்பந்தம் உண்டா?

பதில்: உண்டு. வேகமாக இளைக்கும்போது பித்தநீரில் கொலஸ்ட்ரால் கூடுகிறது. சாப்பாட்டில் கொழுப்பு இல்லையென்றால் பித்தப்பை சரியாகச் சுருங்கிக் காலியாவதில்லை. தேங்கியது கல்லாகிறது. வாரத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் இறங்கினால் இந்த ஆபத்து ஏறுகிறது, அப்பாவுக்கு அதைத் தாண்டியிருக்கிறது. ஆனால் கல் வந்தபிறகு நீங்களாகவே எண்ணெய் சேர்க்காதீர்கள், அவருடைய மருத்துவர் சொல்லட்டும். வலது மேல்வயிற்றில் விடாத வலி, காய்ச்சல், கண்ணில் மஞ்சள் தெரிந்தால் அன்றைக்கே மருத்துவமனை.

கேள்வி: வயது 23. தினமும் ஓடுகிறேன், 1,200 கலோரி. நான்கு மாதமாக மாதவிடாய் வரவில்லை. தொல்லை விட்டது என்று இருந்தேன். பரவாயில்லையா?

பதில்: பரவாயில்லை என்று என்னால் சொல்ல முடியாது கண்ணு. கர்ப்பமில்லை என்பதை முதலில் உறுதி செய்துகொள். அதன்பின், வருகிற சாப்பாடு ஓட்டத்துக்கே போய்விடுவதால் மூளை சினைப்பைக்கான சமிக்ஞையை நிறுத்தியிருக்க வாய்ப்பு அதிகம். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்தால் எலும்பு தேயும், உன் வயதில் எலும்பு சேர வேண்டிய காலம். இந்த வாரமே மகப்பேறு மருத்துவரைப் பார். அதுவரை எடை குறைப்பதை நிறுத்திவை, ஓட்டத்தைப் பாதியாக்கு, மூன்று வேளைக்கும் நடுவில் பாலும் ஒரு கைப்பிடிக் கொட்டையும் சேர். என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுது.