கேம்பஸ் தண்ணி பத்தி கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்

மதுரைப் பக்கம் காலேஜ் கேம்பஸ்ல தண்ணி மெயின்டனன்ஸ்தான் என் வேலை. புது போர் போட ஆள் தேடுறதுக்கு முன்னாடி இருக்கிற தண்ணி எங்க போகுதுன்னு பாருங்கன்னுதான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருக்கேன். வந்த கேள்விக்கெல்லாம் கீழ பதில்.

ஹாஸ்டல் வார்டன், திருமங்கலம்: 300 பசங்க இருக்காங்க சார், லாரி தண்ணி வாங்கி மாளல. என்ன பண்றது?

ஆளுக்கு 135 லிட்டர்னு வச்சாலும் ஒரு நாளைக்கு 40,500 லிட்டர்தான் சார் வேணும், அதுக்கு மேல போகுதுன்னா எங்கயோ ஒழுகுது. மீட்டர் இல்லாட்டி பரவால்ல, ராத்திரி பசங்க தூங்கினதும் மோட்டாரை நிறுத்திட்டு மாடித் தொட்டில நீளக் குச்சியை விட்டு ஈரம் நிக்கிற இடத்துல கோடு போடுங்க, விடியக்காலம் நாலு மணிக்குத் திரும்ப விட்டுப் பாருங்க. 2 மீட்டருக்கு 2 மீட்டர் தொட்டி 10 செ.மீ. இறங்கியிருந்தா 400 லிட்டர் போயிருச்சு. பெரும்பாலும் டாய்லெட் சிஸ்டர்ன்தான், அதாவது ஃப்ளஷ் தொட்டிதான் காரணம். அதுல மஞ்சப்பொடியைக் கரைச்சு ஊத்தி ஃப்ளஷ் பண்ணாம அரைமணி நேரம் விடுங்க, கோப்பைல மஞ்சத் தண்ணி இறங்கினா வாஷர் போச்சுன்னு அர்த்தம். வாஷர் மாத்துற காசு லாரிக் காசுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல.

மாணவி, நாகமலை: அண்ணா, எங்க பிளாக்ல மழைநீர்த் தொட்டி இருக்கு, ஆனா போர்ல தண்ணி ஏறவே இல்லையே?

2003ல மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினப்போ கட்டினதா இருந்தா மூடியைத் திறந்து பாக்கச் சொல்லும்மா, இலையும் களிமண்ணும் அடைச்சுக் கிடக்கும். ஜல்லியையும் மணலையும் வெளிய எடுத்து அலசி புரட்டாசிக்குள்ள திரும்பப் போட்டுறணும், நமக்கு மழையே ஐப்பசி கார்த்திகைலதான. இன்னொண்ணு, நம்ம ஊர்ல அடியில பாறை, வெடிப்பு இருக்கிற இடத்துலதான் தண்ணி இறங்கும், அதனால கேம்பஸ்ல பழைய கிணறு இருந்தா குப்பை கொட்டி மூட விடாதீங்க, மாடித் தண்ணியை வடிகட்டி அதுக்குள்ள விடுங்க. வருஷம் சுமார் 850 மி.மீ. மழைன்னா 1000 சதுர மீட்டர் மாடில எட்டரை லட்சம் லிட்டர் விழுது, கால்வாசி வீணாப் போனாலும் ஆறு லட்சத்துக்கு மேல கைக்கு வரும். இதை விட்டுட்டு ஆழமா ஆழமா தோண்டுறதைப் பாத்தா வயிறு எரியுது.

மெஸ் பொறுப்பாளர், மேலூர்: ஆர்ஓ மெஷின்ல இருந்து வேஸ்ட்டா வெளிய வர்ற தண்ணியை செடிக்கு விடலாமா?

தினமும் விடாதீங்க, உப்பு ஏறி மண்ணு கெட்டுப்போகும். தரை கழுவ, டாய்லெட்டுக்கு வச்சுக்கங்க. செடிக்கு காய்கறி கழுவின தண்ணி போதும்.

முன்னாள் மாணவர், வாடிப்பட்டி: எங்க காலேஜுக்குள்ள கண்மாய்க்குப் போற வரத்துக்கால்வாய் இருக்கு. அதை மூடி பார்க்கிங் கட்டப் போறாங்களாம், நல்லதா அண்ணே?

வேண்டவே வேண்டாம் தம்பி. மறிச்சா மழைல கேம்பஸுக்குள்ள தண்ணி நிக்கும், கோடைல கண்மாயும் காஞ்சு உங்க போரும் வத்தும். வருஷக்கணக்கா வறண்டு கிடந்த வண்டியூர் தெப்பக்குளம் பனையூர் கால்வாய் வழியா வைகைத் தண்ணி வந்ததும்தான நிறைஞ்சுச்சு, வழி இருந்தாத்தான் தண்ணி வரும். சர்வே நம்பரைக் குடுத்து எஃப்எம்பி ஸ்கெட்ச், அதாவது நில அளவை வரைபடம் வாங்குங்க, கால்வாய் அதுல இருந்துச்சுன்னா ஒரு காப்பியை மனுவோட வச்சு நிர்வாகத்துக்கும் கலெக்டர் ஆபீஸுக்கும் குடுங்க. கட்டட வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி குடுத்துருங்க, தூண் எழும்பிருச்சுன்னா அப்புறம் எடுக்க வைக்கிறது பெரும்பாடு.